ராபர்ட் பெஞ்ச்லி: விளக்கும் குரலும் விளங்காத உடலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள், முழுநீளப் படத்துக்கு முன்னால் திரையரங்குகளில் ஓடிய பத்து நிமிடக் குறும்படங்கள் சிலவற்றில், சற்றே பருத்த உடலும் சிறிய மீசையும் கொண்ட ஒருவர் மிகுந்த பொறுப்புணர்வோடு எதையோ விளக்கத் தொடங்கி, விளக்க விளக்கத் தானே குழம்பிப்போவதைக் கண்டிருக்கக்கூடும். அவர் ராபர்ட் பெஞ்ச்லி. அவருடைய திரைவாழ்க்கை பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

ராபர்ட் பெஞ்ச்லி யார்?

அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர், நாடக விமர்சகர், குறும்பட வர்ணனையாளர், நடிகர். 1889 செப்டம்பர் 15 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். 1945 நவம்பர் 21 அன்று நியூயார்க்கில் காலமானார். ஹார்வர்டில் படித்தபோது அங்குள்ள மாணவர் நகைச்சுவை இதழான ‘லாம்பூன்’ பத்திரிகைக்குத் தலைமை தாங்கினார். நியூஃபவுண்ட்லாந்து மீன்பிடி உரிமைத் தகராறு பற்றிய தேர்வு வினாவுக்கு, இரு நாடுகளின் வாதங்களையும் விட்டுவிட்டு மீனின் நிலைப்பாட்டிலிருந்து அவர் விடை எழுதினார் என்ற கதை அவரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. கதை எந்த அளவுக்கு மெருகேறியதாக இருந்தாலும், பிற்காலத்தில் அவர் திரையில் செய்ததெல்லாம் அதே வேலைதான்: கேள்வியை மிகவும் மதிப்பது, பதிலில் மட்டும் வழி தவறிவிடுவது.

1919இல் ‘வேனிட்டி ஃபேர்’ இதழின் நிர்வாக ஆசிரியரானார். அங்கே உடன் பணியாற்றிய டாரதி பார்க்கர், தயாரிப்பாளர்களைக் கோபப்படுத்திய நாடக விமர்சனங்களுக்காக 1920 ஜனவரியில் வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது, மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்த நிலையில், அதைக் கண்டித்துத் தானும் வேலையை விட்டு வெளியேறினார். அதே ஆண்டில் ‘லைஃப்’ நகைச்சுவை இதழில் நாடக விமர்சகரானார். பின்னாளில் புகைப்படங்களுக்குப் பெயர்பெற்ற ‘லைஃப்’ வேறு. இது அதற்கு முந்தையது.

பத்திரிகையாளராக இருந்தவர் மேடை ஏறியது எப்படி?

விளையாட்டாகத்தான். நியூயார்க்கின் அல்கான்குவின் ஹோட்டலில் நாள்தோறும் மதிய உணவுக்குக் கூடிய எழுத்தாளர், விமர்சகர் கூட்டம் ஒன்று இருந்தது. மற்றவர்களின் நாடகங்களைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த இவர்கள், ஒரே ஓர் இரவுக்குத் தாங்களே மேடையேறுவது என்று முடிவு செய்து, 1922 ஏப்ரல் 30 அன்று ஒரு கலவை நிகழ்ச்சியை நடத்தினார்கள். அதில் பெஞ்ச்லியின் பங்கு, ஏதோ ஒரு சங்கத்தின் விருந்தில் பொருளாளர் வர இயலாததால் அவருக்குப் பதிலாக எழுந்து வரவு செலவு வாசிக்கும் துணைப் பொருளாளரின் உரை.

பார்வையாளர்களுள் இசையமைப்பாளர் இர்விங் பெர்லினும் தயாரிப்பாளர் சாம் ஹாரிஸும் இருந்தனர். 1923ஆம் ஆண்டின் ‘மியூசிக் பாக்ஸ்’ மேடை நிகழ்ச்சியில் இதே உரையை நாள்தோறும் நிகழ்த்த முடியுமா என்று கேட்டார்கள். நாடக விமர்சகர் ஒருவர் பிராட்வேயில் நடிப்பது முறையல்ல என்று தயங்கிய பெஞ்ச்லி, கேட்டாலே ஓடிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் வாரத்துக்கு 500 டாலர் கேட்டார். அவர்கள் ஓடவில்லை. ஒன்பது மாதங்கள், ஒவ்வொரு மாலையும் தன் சில நிமிட உரையை முடித்துக்கொண்டு, அன்று விமர்சிக்க வேண்டிய நாடகத்துக்கு விரைவது அவருடைய வாடிக்கையாயிற்று.

அந்த உரையில் அப்படி என்னதான் இருந்தது?

நம் ஊர்ச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவேற்புரைக்கும் சிற்றுண்டிக்கும் இடையே பொருளாளர் எழுந்து நிற்கும் கணத்தை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி, அந்த மனிதர் மேடைக்குப் பழக்கமில்லாதவர் என்பதும், பழக்கமுள்ளவர்போல் காட்டிக்கொள்ள முயல்வதும்.

முதலில் ஒரு வேடிக்கைக் கதை சொல்கிறார். ஏனெனில் பேச்சாளர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள். கதையின் உச்சக்கட்டம் கையிலிருந்து நழுவிவிடுகிறது. பிறகு கணக்குக்கு வருகிறார். 1930இல் அச்சில் வந்த வடிவைப் பார்த்தால் அதன் தொழில்நுட்பம் தெரியும். ஓர் ஆண்டைக் குறிப்பிட்டுவிட்டு, அதன் பொருள் அதே ஆண்டுதான் என்று தெளிவுபடுத்துகிறார். தலைப்பெழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு நன்கொடையாளர் 500 டாலர் தந்திருக்கிறார். படகுத்துறைக் கொட்டகையில் யாரோ மறந்து விட்டுச்சென்ற கோட்டுகளையும் தொப்பிகளையும் விற்றுக் கிடைத்த தொகை, சில்லறைக் காசுவரை வரவில் சேர்க்கப்படுகிறது. நிதி திரட்டுவதற்காக நடத்தப்பட்ட கலைநிகழ்ச்சி 300 டாலர் நட்டத்தில் முடிந்ததையும் அவர் அதே மூச்சில், அதே வரவுப் பட்டியலில், அதே குரலில் வாசித்துவிட்டு அடுத்த இனத்துக்குப் போகிறார்.

இந்த உரையில் தனியாக எடுத்துச் சொல்லத்தக்க துணுக்குகள் மிகக் குறைவு. சிரிப்பு வருவது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையிலுள்ள தயக்கத்தில். வாக்கியம் கம்பீரமாகக் கிளம்பி, நடுவழியில் தான் எங்கே போகிறோம் என்பதை மறந்துவிடும் இடத்தில். அச்சில் படிப்பவரைவிடக் காதால் கேட்பவருக்கே அது முழுமையாகக் கிட்டும்.

அது திரைப்படமானது எப்போது, எப்படி?

1928இல், ஃபாக்ஸ் நிறுவனத்தின் ‘மூவிடோன்’ முறையில், ‘தி டிரெஷரர்ஸ் ரிப்போர்ட்’ என்ற அதே தலைப்பில் படமாக்கப்பட்டது. இயக்கியவர் தாமஸ் சால்மர்ஸ். அவர் ஓர் ஓபரா பாடகர் என்பதும், முதல் பேசும்படங்களைத் தயாரித்தவர்கள் குரலறிந்தவர்களைத் தேடிப் பிடித்ததும் அக்காலத்தின் இயல்பைக் காட்டும் சிறு செய்திகள்.

காலவரிசையைக் கவனிக்க வேண்டும். ‘தி ஜாஸ் சிங்கர்’ 1927 அக்டோபரில் வெளியானது. அதில் பாட்டும் சிறிது பேச்சும் உண்டு, மீதமெல்லாம் வசனத்தை எழுத்தில் காட்டும் எழுத்தட்டைகள். தொடக்கம் முதல் இறுதிவரை பேச்சாகவே அமைந்த முதல் முழுநீளப் படமான ‘லைட்ஸ் ஆஃப் நியூயார்க்’ 1928 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன்பே, ஒருவர் எழுந்து நின்று பேசுகிறார் என்பதைத் தவிர வேறு எந்த நிகழ்ச்சியும் இல்லாத பெஞ்ச்லியின் படம் திரையரங்குகளுக்குப் போய்விட்டது.

‘மூவிடோன்’ என்பது என்ன? அது ஏன் இவருக்குப் பொருந்தியது?

அன்று முதன்மையாகப் போட்டியில் இருந்தவை இரண்டு முறைகள். வார்னர் நிறுவனத்தின் ‘வைட்டாஃபோன்’ ஒலியைத் தனி இசைத்தட்டில் பதிந்து படத்தோடு சேர்த்து ஓட்டியது. தட்டில் ஊசி சற்றுத் துள்ளினாலும் உதடு ஓர் இடத்திலும் குரல் ஓர் இடத்திலும் நிற்கும். மூவிடோன், தியடோர் கேஸின் ஆய்வகத்தில் உருவான வழியில், ஒலியை ஒளியின் ஏற்றத்தாழ்வாக மாற்றிப் படச்சுருளின் ஓரத்திலேயே குறுகிய தடமாகப் பதிந்தது. குரலும் முகமும் ஒரே பிலிமில் இருந்ததால் பிரிய வழியில்லை.

ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. ஒளிபடும் வாயிலில் பிலிம் சட்டகம் சட்டகமாக நின்று நின்று நகர வேண்டும். ஒலி படிக்கப்படும் இடத்திலோ அது சீராக ஓட வேண்டும். எனவே ஒரு காட்சிக்குரிய ஒலி, அந்தக் காட்சியின் பக்கத்திலேயே இராமல் ஏறத்தாழ இருபது சட்டகங்கள் தள்ளிப் பதியப்பட்டது. ஒரே சுருளில் இரண்டையும் பதிந்துவிட்டு, நினைத்த இடத்தில் கத்தரித்து ஒட்டினால் ஒன்று தப்பும். கேமராவின் இரைச்சல் ஒலிவாங்கியில் விழாதிருக்க அதை அடைத்து மூட வேண்டியிருந்தது. ஆகவே கேமரா நகராது. ஒலிவாங்கியும் ஓரிடத்தில் ஒளிந்திருக்கும். ஆகவே நடிகரும் நகரக்கூடாது.

ஊமைப்பட நகைச்சுவையின் வேர் ஓட்டம், விழுதல், துரத்தல் ஆகியவற்றில் இருந்தது. அவை அனைத்தையும் புதிய கருவி ஒரே அடியில் முடக்கிப்போட்டது. இந்தச் சூழலில், நின்ற இடத்தை விட்டு அசையாமல், வெட்டில்லாமல் பத்து நிமிடம் தடுமாறக் கூடிய ஒருவர் அமைவது எவ்வளவு வசதி! மற்றவர்களுக்குச் சிறையாக இருந்த ஏற்பாடு பெஞ்ச்லிக்கு விருந்து மண்டபமாக இருந்தது. அவருடைய தொண்டைக் கனைப்பும், பாதியில் விழுங்கிய சொல்லும், தவறான இடத்தில் வரும் அசட்டுச் சிரிப்பும் எழுத்தட்டையில் அச்சிடக் கூடியவை அல்ல. ஊமைப்படத்தில் அவருக்கு வேலையே இருந்திருக்காது.

‘பாலிப்’ பற்றிய படம் எதைக் குறித்தது? தலைப்பைப் பார்த்து அஞ்ச வேண்டுமா?

வேண்டியதில்லை. ‘தி செக்ஸ் லைஃப் ஆஃப் தி பாலிப்’ (1928) ஃபாக்ஸுக்காக அவர் நடித்த மற்றொரு குறும்படம். மாதர் சங்கம் ஒன்றில், நீர்வாழ் சிற்றுயிரான பாலிப்பின் காதல் வாழ்வைப் பற்றி ஓர் அறிஞர் நாகரிகம் குறையாமல் விரிவுரை ஆற்றுகிறார். அந்த உயிரி ஆணாகவும் பெண்ணாகவும் மாறவல்லது என்பதால், விரிவுரையாளரின் நாகரிகம் கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது.

இதன் கரு அவர் பத்திரிகைக்கு எழுதிய ‘நியூட்’ என்னும் நீர்ப்பல்லி பற்றிய கட்டுரையிலேயே இருந்தது. அதில் ஆண் நியூட் தன் காதலியை வெகு தொலைவில் நின்றே கவர முயல்கிறது. ஆய்வாளர்கள் பெண் நியூட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்றை வைத்தபோதும் அதன் காதலில் மாற்றம் ஏதும் இல்லை. 1938இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக அவர் மீண்டும் நியூட்டிடமே திரும்பி, ‘தி கோர்ட்ஷிப் ஆஃப் தி நியூட்’ என்று படமெடுத்தார். ஒரே வேடிக்கையை இருபது ஆண்டுகள் கழித்தும் கூச்சமில்லாமல் கையாளக் கூடியவர் என்பதை அவருடைய குறையாகவும் சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பாலிப் படம் 2007இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கத்தக்கதாகச் சேர்க்கப்பட்டது.

1929க்கும் 1935க்கும் இடையே அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஃபாக்ஸுக்காக ‘ஃபர்னஸ் டிரபிள்’ (1929) உள்ளிட்ட மேலும் சில படங்களில் நடித்தார். 1929 முதல் ‘நியூயார்க்கர்’ இதழில் நாடக விமர்சகராக அமர்ந்து 1940 வரை அப்பணியைத் தொடர்ந்தார். ஹாலிவுட்டில் வசனம் எழுத அழைக்கப்பட்டு, எழுதப் போன இடத்தில் சிறு வேடங்களும் கிடைத்தன. ‘டான்சிங் லேடி’ (1933), ‘சைனா சீஸ்’ (1935) ஆகிய படங்களில் அவரைக் காணலாம். குடும்பம் நியூயார்க் அருகே ஸ்கார்ஸ்டேலில். அவர் ஆண்டின் ஒரு பகுதி ஹாலிவுட்டின் ‘கார்டன் ஆஃப் அல்லா’ விடுதியில். இந்த இரட்டை வாழ்க்கை இறுதிவரை நீடித்தது.

‘ஹௌ டு ஸ்லீப்’ எவ்வாறு உருவாயிற்று?

அவருடைய பெயர் நிலைத்ததற்கு முதன்மைக் காரணம் 1935இல் எம்.ஜி.எம். வெளியிட்ட இந்தப் பதினொரு நிமிடப் படம்தான். பிட்ஸ்பர்க் நகரின் மெல்லன் ஆய்வகம், சிம்மன்ஸ் மெத்தை நிறுவனத்தின் செலவில், மனிதர்கள் இரவில் எத்தனை முறை, எந்தெந்த நிலைகளில் புரண்டு படுக்கிறார்கள் என்று ஆராய்ந்திருந்தது. அந்த ஆய்வைக் கேலி செய்வதாகப் படம் அமைந்தது. நிக் கிரிண்ட் இயக்கத்தில் இரண்டே நாள்களில் எடுத்து முடித்தார்கள்.

பெஞ்ச்லி இதில் இருவர். ஒருவர், நித்திரையின் இயல்பை நமக்கு எடுத்துரைக்கும் விரிவுரையாளர். மற்றவர், படுக்கையில் கிடந்து அந்த விரிவுரைக்குச் சான்றாகப் புரண்டுகொண்டிருக்கும் மனிதர். குரல் ஒரு நிலையைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறது. உடல் அந்த நிலைக்குள் சுருண்டு, கை எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் விழிக்கிறது. உறங்கச் சொல்லித்தரும் குரலுக்குச் சிறிதும் சோர்வில்லை. உறங்க வேண்டியவருக்கோ உறக்கமில்லை. இரண்டும் ஒரே ஆள் என்பதை நாம் ஒரு கணமும் மறப்பதில்லை. குரலுக்கு மட்டும் அது தெரியாததுபோல் இருக்கிறது. படுக்கையில் நடித்தது பெரிய சிரமம் அல்ல, பெரும்பாலும் படுத்தே கிடந்தேன் என்ற பொருளில் பெஞ்ச்லி பின்னர் சொன்னார்.

மெத்தை நிறுவனத்துக்கு மகிழ்ச்சி. படத்தின் காட்சி ஒன்றைத் தன் விளம்பரங்களிலேயே பயன்படுத்திக்கொண்டது. மெல்லன் ஆய்வகத்தார்தான் முகம் சுளித்தார்கள்.

அவர் வர்ணனையாளரா, நடிகரா?

இந்தக் கேள்விக்குள்தான் அவருடைய தனித்தன்மையே இருக்கிறது. அதே எம்.ஜி.எம். நிறுவனத்தில், அதே ஆண்டுகளில், வேறு புகழ்பெற்ற குறும்பட வர்ணனையாளர்களும் இருந்தார்கள். விளம்பரத் துறையிலிருந்து வந்த பீட் ஸ்மித், படத்துக்கு வெளியே நின்று, மூக்கால் பேசுவது போன்ற குரலில், திரையில் இருப்பவர்களைச் சீண்டிக்கொண்டே போவார். ‘டிராவல்டாக்ஸ்’ பயணப் படங்களின் ஜேம்ஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், உலகின் எந்த மூலையைக் காட்டினாலும் அதே பவ்வியமான குரலில் விவரித்து, கதிரவன் சாயும் வேளையில் விடைபெறுவார். இவ்விருவரின் குரலுக்கும் திரையிலுள்ள உடலுக்கும் தொடர்பு கிடையாது. எது நடந்தாலும் குரல் பாதுகாப்பாக இருக்கும்.

பெஞ்ச்லி அந்தப் பாதுகாப்பைத் தாமே துறந்தார். திரைக்கு வெளியிலிருந்து பேசும் குரலுக்கு இயல்பாகவே ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. அரசுச் செய்திப்படமானாலும் மருந்து விளம்பரமானாலும், முகம் தெரியாத குரலை நாம் எதிர்த்துக் கேட்பதில்லை. அந்தக் குரலுக்கு உரியவரையே பிடித்துத் திரைக்குள் தள்ளி, சொன்னதைச் செய்து காட்டச் சொன்னால் என்ன ஆகும் என்பதே அவருடைய படங்கள் அனைத்தின் அடிப்படை. ஊருக்கு உபதேசம் செய்பவர் தம் வீட்டில் படும் பாட்டை, உபதேசத்தை நிறுத்தாமலே காட்டுவது. ஆகவே வர்ணனையை நீக்கினால் நடிப்புக்குப் பொருளில்லை. நடிப்பை நீக்கினால் வர்ணனையில் வேடிக்கையில்லை.

எம்.ஜி.எம்.மில் எத்தனை படங்கள்? எதை முதலில் பார்க்கலாம்?

வாழ்நாள் முழுவதையும் கணக்கிட்டால் அவர் தோன்றிய குறும்படங்கள் நாற்பதுக்கும் மேல்; அவற்றில் பெரும்பகுதி எம்.ஜி.எம்., இடையில் 1940 முதல் 1942 வரை சில பாரமவுண்டுக்கு. தலைப்புகளே உள்ளடக்கத்தைச் சொல்லிவிடும்: நாய்க்குப் பயிற்சி அளிப்பது, வாக்களிப்பது, குழந்தை வளர்ப்பது, வருமான வரியைக் கணக்கிடுவது என்று எதையும் ‘எப்படி’ என்று கற்றுத்தரும் வரிசை ஒன்று. செரிமானத்தின் கதையை உடற்கூற்றியல் பாடமாக நடத்தும் ‘தி ரொமான்ஸ் ஆஃப் டைஜெஸ்சன்’ (1937) இன்னொரு வகை. பெரும்பாலான குடும்பப் படங்களில் அவர் ஜோ டோக்ஸ் என்ற சாதாரணக் குடிமகனாக வருவார். இயந்திரங்களும் அலுவலகப் படிவங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் அவருக்கு எதிராகச் சதி செய்யும்.

முதலில் ‘தி டிரெஷரர்ஸ் ரிப்போர்ட்’, பிறகு ‘ஹௌ டு ஸ்லீப்’, அதன்பின் ‘எ நைட் அட் தி மூவிஸ்’ (1937) என்ற வரிசையைப் பரிந்துரைக்கிறேன். ஆங்கிலம் வேகமாகப் புரியாதவர்களுக்கு மூன்றாவதே எளிது. ஒரு தம்பதியர் சினிமா பார்க்கப் போகிறார்கள், பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரே அமர்வில் ஐந்தாறு படங்களைப் பார்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. இவை ஒரு மாலையில் ஒன்று என்ற கணக்கில், வேறொரு பெரிய படத்துக்கு முன்னால் காட்டுவதற்காகவே செய்யப்பட்டவை. அடுக்கிப் பார்த்தால் சூத்திரம் பல்லிளிக்கும்.

1928இல் வெளியான படங்களின் காப்புரிமை அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்துவிட்டதால், ஃபாக்ஸுக்காக அந்த ஆண்டில் வந்த படங்களைப் பார்ப்பதில் தடையேதும் இல்லை.

அவருக்கு ஆஸ்கர் விருது கிடைத்ததா?

‘ஹௌ டு ஸ்லீப்’ 1935ஆம் ஆண்டுக்கான சிறந்த நகைச்சுவைக் குறும்பட விருதைப் பெற்றது. அக்காலத்தில் அது படத்துக்கும் தயாரிப்புக்கும் உரிய விருது. நடித்தவருக்கு உரியது அல்ல. 1937ஆம் ஆண்டுக்கான ஒற்றை ரீல் பிரிவில் ‘எ நைட் அட் தி மூவிஸ்’ பரிந்துரைக்கப்பட்டுத் தோற்றது. வென்ற படம், கானட் என்னும் கடற்பறவைகளின் அந்தரங்க வாழ்வைப் பற்றிய பிரிட்டிஷ் இயற்கை ஆவணப்படம். பாலிப்பின் காதலைப் பாடம் நடத்திப் பெயரெடுத்தவரை உண்மையான உயிரியல் பாடம் ஒன்று வீழ்த்தியதை அவர் ரசித்திருக்க வேண்டும்.

முழுநீளப் படங்களில் அவருடைய இடம் என்ன?

பெரும்பாலும் துணை வேடங்கள்: குடித்திருக்கும் நண்பர், குழம்பிய முதலாளி, விருந்தில் உளறும் பெரிய மனிதர். அவற்றுள் இரண்டை மட்டும் தனித்துச் சொல்ல வேண்டும்.

ஹிட்ச்காக் இயக்கிய ‘ஃபாரின் கரஸ்பாண்டன்ட்’ (1940) படத்தில், லண்டனில் நெடுங்காலம் உட்கார்ந்து ஒன்றும் செய்யாத அமெரிக்கச் செய்தியாளராக வருகிறார்; மருத்துவர் மதுவை நிறுத்தச் சொல்லிவிட்டதால் பால் குடிக்கிறார், அந்தக் கோப்பையைப் பார்க்கும் பார்வையில் ஒரு தனிப் படமே ஓடுகிறது. இப்படத்தின் வசனத்தில் அவருடைய பெயரும் உண்டு.

‘தி ரிலக்டன்ட் டிராகன்’ (1941) இன்னும் சுவையானது. மனைவியின் வற்புறுத்தலால் ஒரு கதையை டிஸ்னியிடம் விற்கப் போகும் பெஞ்ச்லி, பர்பாங்கிலுள்ள அந்த ஸ்டூடியோவின் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் வழிதவறி நுழைகிறார். கறுப்பு வெள்ளையில் தொடங்கும் படம் நடுவில் வண்ணமாகிறது. படம் வெளியான ஜூன் மாதத்தில் அந்த ஸ்டூடியோவின் ஓவியர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். திரைக்குள் சிரித்த முகத்துடன் வரைந்துகொண்டிருந்த தொழிற்கூடம் வெளியே மறியலில் நின்றது. இதே படத்துக்குள்தான், கூஃபி என்ற கார்ட்டூன் பாத்திரம் குதிரையேற்றம் கற்கும் பகுதி வருகிறது: கம்பீரமான குரல் இலக்கணம் சொல்ல, கூஃபி சேணத்துக்கு எதிர்ப்பக்கம் போய் விழுகிறது. பின்னர் பல ஆண்டுகள் தொடர்ந்த கூஃபியின் ‘எப்படி’ வரிசைக்கு அதுவே தொடக்கம். குரல் ஒன்றும் உடல் ஒன்றுமான அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைப் பெஞ்ச்லி அதே படத்தில் உட்கார்ந்திருப்பதே சொல்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய பாணியை வேறு யாராவது தொடர்ந்தார்களா?

வார்னர் நிறுவனம் 1942 முதல் 1956 வரை ஜோ மெக்டோக்ஸ் என்ற பாத்திரத்தை வைத்து ஒரு குறும்பட வரிசையை எடுத்தது. பெயரே உறவைக் காட்டிக்கொடுக்கிறது. மற்றொரு வகை வாரிசுரிமையும் உண்டு: சுறாமீனைப் பற்றிய ‘ஜாஸ்’ (Jaws) நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி இவருடைய பேரன். தாத்தா நீர்ப்பல்லியோடு நிறுத்திக்கொண்டார்.

திரை வாழ்க்கை அவருக்கு நிறைவளித்ததா?

இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆன் அரசி காலத்து இங்கிலாந்தின் எழுத்தாளர்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுத நூல்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார், நூல் எழுதப்படவில்லை. 1943இல், நகைச்சுவை எழுதுவதை இனி நிறுத்திவிட்டதாக அறிவித்தார். முப்பது வயதைக் கடக்கும்வரை மதுவைத் தொடாதவர், மதுவிலக்குச் சட்டம் நடப்பிலிருந்த காலத்தில் குடிக்கத் தொடங்கி, பின்னர் அதிலிருந்து மீளவே இல்லை. கல்லீரல் நோய் முற்றிய நிலையில், மூளை இரத்தக்கசிவால் ஐம்பத்தாறாவது வயதில் இறந்தார். சினிமாவை அவர் ஒருபோதும் தம் உண்மையான தொழிலாகக் கருதவில்லை. ஆனால் இன்றைக்கு அவருடைய கட்டுரைகளைத் தேடிப் படிப்பவர்களில் பலர் அந்தப் பத்து நிமிடப் படங்களின் வழியாகவே அவரிடம் வந்து சேர்கிறார்கள்.

அவர் இறந்த பிறகு வெளியான படம் உண்டா?

படமாக்கப்பட்ட வரிசைக்கும் வெளியான வரிசைக்கும் இடையே வேறுபாடு உண்டு. பிங் கிராஸ்பியும் பாப் ஹோப்பும் நடித்த ‘ரோடு டு யுடோப்பியா’ போர்க்காலத்திலேயே எடுக்கப்பட்டு, 1946இல்தான் திரைக்கு வந்தது; அப்போது பெஞ்ச்லி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. படம் தொடங்கியதும் அவர் தோன்றி, இந்தப் படம் சில இடங்களில் அவ்வளவாக விளங்கவில்லை என்றும், ஆகவே நிறுவனம் தம்மை விளக்கம் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றும் அறிவிக்கிறார். அதன்பின் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஒரு மூலையில் அவ்வப்போது சிறு கட்டத்துக்குள் எட்டிப்பார்த்து, எந்த விளக்கமும் தேவைப்படாத இடங்களில் எதையாவது விளக்கிவிட்டு மறைகிறார்.